"படத்தைப் பார்த்தாலே தெரிகிறது"

இன்று காலை எழுந்ததும், பால் வருவதற்கு முன்பே, சமையலறைத் தரையில் கரித்துண்டால் ஒரு முக்கோணம் வரைந்தேன். நேற்று மகளுக்கு வராத கணக்கு. போட்டு முடித்தபோது விரலில் புளி வாசம் அடிப்பது போல இருந்தது...

அப்போது புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த புதிது. இலுப்பூரில் புகுந்த வீடு. கல்யாணத்துக்கு முன் எழுதிய எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் மட்டும் தவறியிருந்தேன். எனக்கோ காலேஜ் ஆசை. மாமனார் இன்னொரு முறை எழுதச் சம்மதித்தார்.

"இதுலயும் தவறுனா அந்தப் பேச்சை விட்ரணும், ஆத்தா."

கணக்குத் தெரியாமல் தவறவில்லை. அப்பா தானிய வியாபாரி. எங்கள் வீட்டில் எல்லாம் மனக்கணக்கு. விடை சொன்னால் போதும்; எப்படி வந்தது என்று கேட்டால், சொன்னவரைச் சந்தேகப்படுவதாக அர்த்தம். அதனால் அல்ஜீப்ராவில் விடையை மட்டும் எழுதுவேன். ஜாமெட்ரியில், இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்று நிரூபிக்கச் சொன்னதற்கு, "படத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்று எழுதிவிட்டு வந்தவள் நான்.

இதைக் கேட்டு என் ஓரகத்தி செல்லம்மா அக்காவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. ஆவூர்ப் பக்கத்துக்காரர். ஏறக்குறைய என் வயது. பள்ளிப் படிப்பை முடித்தவர்.

மதியத்தில் இருவரும் புளிக்குக் கொட்டை எடுப்போம். நடுவே ஈர்க்குச்சிகளை ஒடித்து முக்கோணமாக வைப்பார். உச்சிக்கோணத்தைச் சரிபாதியாக்கி உள்ளே ஒரு குச்சி.

"இந்தக் குச்சியும் அந்தக் குச்சியும் சமம்ங்கிற. யாரு சொன்னா?"

"கணக்குலயே கொடுத்திருக்குக்கா."

"நடுக்குச்சி?"

"ரெண்டு பக்கத்துக்கும் அதேதான்."

"உச்சியில இருக்க ரெண்டு கோணம்?"

"நாமதான சரிபாதியா வெட்டுனோம்."

"அப்ப ரெண்டு முக்கோணமும் ஒண்ணுதான். அடிக்கோணமும் சமம். இதை எழுத ஒனக்கு என்ன கேடு?"

அங்கிட்டு வந்த மாமியார் குச்சிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கொட்டை எடுக்கச் சொன்னா, கூரை கட்டுறீகளாடி?"

பரீட்சையில் வேறு தேற்றம் வந்தது. படத்தைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது. பேனா அவசரப்பட்டது. பக்கத்தில் அக்கா உட்கார்ந்து "யாரு சொன்னா?" என்று கேட்பது போல இருக்க... வரிக்கு வரி காரணம் எழுதினேன்.

தேறினேன். புதுக்கோட்டையில் காலேஜில் சேர்க்க மாமனாரே பஸ்ஸில் கூட வந்தார். கணக்கை விட்டால் போதும் என்று சரித்திரம் எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் மகளுக்கு ஒவ்வொரு படிக்கும் மார்க் உண்டு என்பது நன்றாகத் தெரியும். அழகழகாகப் படி எழுதுகிறாள். விடைதான் வருவதில்லை! நாங்கள் இருவரும் சேர்ந்தால் ஒரு முழு மாணவி.

சரித்திரம் நல்ல சோறு போட்டது, குறையில்லை. ஆனால் படித்ததிலேயே சந்தோஷமாகப் படித்தது எது என்று யோசித்தால், அந்தப் புளி மதியங்கள்தான். அன்று தேறியாக வேண்டும் என்ற பயமும் கூடவே இருந்தது. இன்று அது இல்லை.

வரும் ஆண்டு கணிதம் எடுத்து, வீட்டிலிருந்தே படித்து, மறுபடி பி.ஏ. எழுதப் போகிறேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. முதல் பாடத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.