கடை வாசலில் தொங்கிய பித்தளைக் குடம்

"டீச்சர், அம்மா பூட்டாங்க." தொலைபேசியில் ரோசம்மா அக்காவின் மகள் சொன்னது அவ்வளவுதான். இன்று கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அக்காவிடம் சைக்கிள் எடுத்தவர்கள், அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள், எல்லாரும் சேர்ந்தே நினைத்துக்கொள்வோம்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் அக்காவுக்கு வாடகை சைக்கிள் கடை. பெண்கள் சேலையோடு ஏறுவதற்கென்று, நடுவே பார் இல்லாத சைக்கிள் இரண்டு வாங்கிப் போட்டிருந்தார். சீந்துவார் இல்லை. பொங்கல் விழாவில் பெண்களுக்கும் சைக்கிள் பந்தயம் வையுங்கள் என்று விழாக் குழுவிடம் போய்ச் சொன்னார். குழுவில் இருந்த ஆண்கள், பூ வைத்த அழகி ஒருத்தி சைக்கிளில் சிரிப்பதுபோல் நோட்டீஸ் அடித்து, வெள்ளிக் கோப்பை பரிசு என்று போட்டார்கள். வேடிக்கை பார்க்க ஆண்கள் திரண்டார்கள். ஓட்ட ஒருத்தியும் வரவில்லை.

"கோப்பைல இன்னா, கொழம்பு வெக்கறதா?" என்றார் அக்கா. அடுத்த பொங்கலுக்குப் பந்தயத்தைத் தானே எடுத்துக்கொண்டார். நோட்டீஸே கிடையாது. பளபளவென்று தேய்த்த பித்தளைக் குடம் ஒன்றைக் கடை வாசலில் கட்டித் தொங்கவிட்டார். எதிரே தெருக்குழாய். தண்ணீருக்கு நின்ற மாமியார்களெல்லாம் தினமும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். மெதுவாக ஓட்டும் பந்தயம்தான். கால் ஊன்றாமல் கடைசியில் வருகிறவளுக்குக் குடம். கணவன்மாருக்கும் ஒரு விதி வைத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். "ரெண்டு கையிலயும் புள்ள இருந்தா எவன் விசிலடிப்பான்?"

எனக்கு அப்போது எண்ணூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருந்தது. பஸ் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. "வெளக்கு வெக்கற நேரத்துக்கு வூடு வந்து சேராத வேலை இன்னாத்துக்கு?" என்று மாமியார் ஒரே பிடியாக நின்றார். சைக்கிள் பழகி அதில் போகிறேன் என்றதற்கு முறைத்தார். நான் அழுது ஓய்ந்துவிட்டேன். அதே மாமியார்தான் குடத்துக்கு ஆசைப்பட்டு என்னை அக்காவிடம் ஓட்டப் பழக அனுப்பினார்.

இருப்பது இரண்டே சைக்கிள் என்பதால் இரண்டு இரண்டு பேராகப் பந்தயம். என் முறை வந்தது. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கணவர் நெளிந்தார். பிரேக்கைப் பிடித்தபடி ஊர்ந்தேன். கடல் காற்று முதுகைத் தள்ளியது. சைக்கிள் ஆடியது; காலை ஊன்றப் போனேன்.

"கொடத்தப் பாக்காதே, ரோட்டப் பாரு!" என்று அக்கா கத்தினார்.

ரோட்டைப் பார்த்தேன். அவ்வளவுதான், என்னையறியாமல் மிதித்துவிட்டேன். கூட வந்தவள் பாதி வழிகூட வரவில்லை. நான் எல்லைக் கோட்டைத் தாண்டி, தெருவையும் தாண்டிப் போய்த்தான் திரும்பினேன். என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக எதிலும் தோற்றதில்லை.

ஆனால் இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. மாமியார் குடத்தை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இம்மாம் வேகமாவா போவே நீ? அப்போ எண்ணூர் போயி வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவே."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். சைக்கிளை என் பக்கம் தள்ளினார். "இந்தா, ஏறு டீச்சர்!" வாடகையில் தம்பிடி குறைக்கவில்லை, அது வேறு கதை.

அதுவரை என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. பிறகு தெரு கூப்பிட்டது, ஊர் கூப்பிட்டது, அவர் போன செய்தியைச் சொன்ன மகளும் அப்படித்தான் கூப்பிட்டாள். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பெயர்தான்.