அத்தை எரியாத கட்சி

மாசி மாதம், காமன் கூத்து நடக்கும் பிற்பகல். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் சாக்கு விரித்து, ஆட்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. காலையில் வேலைக்குப் பேர் போடும் அதே களம்தான். ஒரு வரிசை எரிந்த கட்சி, மற்றது எரியாத கட்சி. தவத்தைக் கலைக்க வந்த காமனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்தார் என்பது கதை. ரதி அழுது மன்றாடியதும், 'உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான்' என்று அவரே வரம் கொடுத்தார் என்பதும் அதே கதை. அப்படியானால் காமன் எரிந்தானா, இல்லையா? அதை வைத்துத்தான் தப்பு அடித்து, பாட்டுக்குப் பாட்டு வாதாடுவார்கள். "எரிஞ்சதுக்குச் சாம்பல் சாட்சி" என்று ஒரு பக்கம் எடுத்துவிட்டால், "அவன் எரிஞ்சிருந்தா இந்த லயத்து வீடுகள்ல இத்தன தொட்டில் எப்புடி ஆடுது?" என்று மறுபக்கம் திருப்பிக் கொடுக்கும். களமே சிரிக்கும். எரிந்த கட்சிக்கு முன்னால் நின்று தொண்டை கட்டும்வரை பாடியவர் மாமா, என் அப்பாவின் தங்கையான அத்தையின் கணவர். எந்த வருடமும் எந்தக் கட்சியும் வென்றதில்லை. தீர்ப்புச் சொல்ல ஆள் வைப்பதும் கிடையாது. அடுத்த மாசியில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

போன மாதம் பதுளையில் கதை எழுதும் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் பலகையில் ஒரு மலையை வரைந்தார். கதை ஏற வேண்டும், உச்சிக்குப் போக வேண்டும், இறங்க வேண்டும் என்றார். நாயகன் எதையாவது விரும்ப வேண்டுமாம், கடைசியில் மாற வேண்டுமாம், முடிவு தெளிவாகத் தெரிய வேண்டுமாம். மலை ஏறி இறங்குவதைப் பற்றி எங்களுக்கே பாடமா என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தேன். காமன் கதையை அந்த மலையில் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவனை ஏவிவிட்ட தேவர்கள் மெல்ல நழுவிவிடுகிறார்கள். எரித்தவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். எரிந்தவன் எந்தப் பாடமும் கற்பதில்லை, திருந்துவதும் இல்லை. செத்தவன் ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் உயிரோடு இருக்கிறான். முடிவு தெரிந்த கதைக்கு வருடா வருடம் போய் அழுகிறோம். அழுத கையோடு அந்த முடிவு நடந்ததா என்று சண்டை போடுகிறோம். இத்தனை ஓட்டையோடுதான் இந்தக் கதை கடல் தாண்டி, மலையேறி, எங்கள் பாட்டன் பூட்டனோடு வந்து சேர்ந்தது. அந்த ஓட்டைகளை யாராவது அடைக்க வந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதற்குக் காரணம் அத்தை.

இனப்போரில் நாடு எரிந்துகொண்டிருந்த காலத்தில் மாமா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். போனவர் போனவர்தான். தகவல் இல்லை, உடலும் இல்லை. வருடங்கள் ஓடின. கருமாதி செய்து தாலியைக் கழற்றிவிடு என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தார்கள். அத்தை காதில் வாங்கவே இல்லை. அப்புறம் அவர் மகளுக்குத் தெமோதரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல இடம். பேச்செல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. கல்யாணத்துல நீங்க நிக்கிறது பொட்டோடயா, பொட்டில்லாமயா? ஒரு முடிவு சொல்லிட்டா எங்க சனத்துக்கும் பதில் சொல்லிக்கலாம்."

விதவை என்று ஒப்புக்கொண்டால் பெற்ற மகளின் கல்யாணத்தில் அத்தை பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும். மறுத்தால் சம்பந்தமே கைவிட்டுப் போகலாம். கதவோரம் நின்ற அவர் மகளின் முகம் வெளுத்துவிட்டது. என் அப்பா அத்தையைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார்.

அத்தை குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, நீங்களும் ஒங்க தோட்டத்துல எரிஞ்ச கட்சிக்குப் பாடுறவருதானே? காமன் எரிஞ்சானா இல்லையான்னு ஒங்க தாத்தா காலத்துலேருந்து முடிவாகல. என் புருசன் விசயத்த மட்டும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிக்கணுமா?"

அவர் பாட்டுக்காரர் அல்லவா, வாய் சும்மா இருக்கவில்லை. "சாமி கதையும் மனுசங்க கதையும் ஒண்ணாகுமா தங்கச்சி? எரிஞ்சதுக்குச் சாம்பல்னு ஒண்ணு இருக்கே."

"அதான் நானும் கேக்குறேன். எனக்குச் சாம்பல் யாரு கொண்டாந்தா? காட்டுங்க, இப்பவே பொட்ட அழிக்கிறேன்."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "எரிஞ்ச கட்சிக்கு இன்னிக்குப் பாட்டு இல்ல" என்று சொல்லி, வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

கல்யாணத்தில் அத்தை பொட்டும் பூவுமாக முன்னால் நின்றார். ஆரத்தியும் அவரேதான் எடுத்தார். எங்கள் லயத்துப் பெண்களே இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார்கள். "சோறு மிஞ்சுனா நமக்குத்தானே" என்றார் அத்தை. அன்று எனக்கு அவர்மேல் வந்த பெருமை இன்றுவரை குறையவில்லை.

பயிற்சியில் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். பயிற்றுநர் நன்றாக இருக்கிறது என்றார். கூடவே, "மாமா திரும்பி வந்தாரா, இறந்துவிட்டாரா? இரண்டில் ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள். வாசகரைத் தொங்கலில் விடக்கூடாது" என்றார். நாங்கள் எத்தனை வருடமாகத் தொங்கலில் இருக்கிறோம் என்று மனதுக்குள் கேட்டபடி தாளை வாங்கிக்கொண்டேன்.

அத்தை இப்போது தெமோதரையில் மகளோடு இருக்கிறார். அன்று மாலையே அவருக்குப் போன் போட்டேன். "அத்த, முடிவு கேக்குறாங்க. என்னா எழுதட்டும்?"

அத்தை உடனே சொன்னார்:

"பொழுது விடிஞ்சா நான் எரியாத கட்சி, கண்ணு. அவரு வருவாருன்னுதான் பொட்டு வைக்கிறேன். பொழுது சாஞ்சா எரிஞ்ச கட்சி. அவரு பாட்ட அவருக்குப் பதிலா நானே பாடி, நானே அழுதுக்குறேன். ரெண்டுல ஒண்ண எழுதி என்னைய பாதியா வெட்டிறாத."

முடிவு எழுதாமலே கதையைத் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாமென்றால் அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.