குதிரைக்கு விழுந்த அடி

கல்லூரிக் குதிரையேற்ற அணிக்கு ஆள் எடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலவாக்கலையிலிருந்து தங்கையையும் இழுத்துக்கொண்டு நுவரெலியா ஏரிக்கரைக்குப் போனேன். பஸ்ஸிலேயே முதுகை நிமிர்த்தி, இல்லாத கடிவாளத்தைப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். சுற்றுலா வருபவர்கள் ஏறும் குதிரை ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தேன்.

“நான் உட்கார்ற விதத்தைப் பாக்கணும், வீடியோ எடுடி” என்றேன் தங்கையிடம். குதிரைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

குதிரை நாலு எட்டு நடந்து நின்றுவிட்டது. குதிகாலால் இடித்தேன். அசையவில்லை. ஆத்திரத்தில் கையிலிருந்த குச்சியால் ஓங்கி அடித்தேன். தோல் நடுங்கியது, கால் நகரவே இல்லை. இன்னும் இரண்டு போட்டேன்.

குதிரைக்காரர் ஓடிவந்தார். “அடிக்காதீங்க தங்கச்சி! போனைத் தூக்கினா போட்டோ எடுக்கிறாங்கன்னு நின்னுரும். மேல இருக்கிற புள்ளைங்க விழுந்துறக் கூடாதுன்னு நாங்கதான் அப்படிப் பழக்கியிருக்கோம்.”

தங்கை போனை இறக்கினாள். குதிரை நடந்தது.

வீடியோ எடுக்கச் சொன்னதும் நான். நின்றதற்கு அடித்ததும் நான்.

மூன்று நாள் கழித்து, மைதானத்தில் குதிரை ஏறும் முன் என்னிடம் சாட்டையை நீட்டினார்கள். வாங்க எனக்குக் கை வரவில்லை.