முன்கண்ணாடியில் என் பக்கம்

போன வருஷம் ஆடிக் கடைசியில் என் காரின் முன்கண்ணாடியில் ஒரு படலம் படிய ஆரம்பித்தது. பகலில் தெரியாது. விளக்கு போடும் நேரத்தில் எதிரே லாரி வந்தால், அதன் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரியும், ஓரத்தில் லேசான வானவில் நிறத்தோடு.

வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய் மாதிரி ஆவி கிளம்பி, கண்ணாடியின் உட்புறத்தில் படியும் என்று படித்தேன். கண்ணாடிப் படலம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கண்ணைப் பற்றி ஒரு வரி படிக்கவில்லை.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வாசலில், வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் காருக்குள் உட்கார்ந்து துடைப்பேன். முதலில் ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி. கண்ணாடி சரிந்து டேஷ்போர்டைத் தொடும் மூலைக்கு விரல் போகாது. புறங்கையைத் திருப்பித் துணியை அழுத்தித் தள்ள வேண்டும். ஸ்டியரிங்குக்கு நேரே உள்ள பாதியை மட்டும்தான். மறு பாதியைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. சாயங்காலம் வளையம் திரும்ப வந்துவிடும்.

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸ் கூடத்து பல்பைச் சுற்றி வட்டம் தெரிகிறது, தூசி படிந்திருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, அம்மா ஸ்டூல் மேல் ஏறி அதை வாரா வாரம் துடைத்தாள். கண்ணில் அழுத்தம் என்று டாக்டர் சொன்னபோது ஒரு கண் போயிருந்தது. மறு தீபாவளிக்குள் மற்றதும் போனது. அப்போது அவருக்கு என்ன வயதோ, அந்த வயதை நான் அந்த ஆடியில் எட்டியிருந்தேன். இந்த மாதிரிக் கணக்குகள் எனக்கு மறப்பதில்லை.

பக்கத்து சீட்டில் மனைவி இருப்பாள். "உனக்கும் தெரியுதா?" என்று கேட்டால் போதும். கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, காட்டுப்பாக்கத்தில் மைத்துனி வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டு இருட்டத் தொடங்கியிருந்தது. திருவேற்காடு நெருங்கும்போது மனைவி முன்கண்ணாடியை விரலால் தேய்த்தாள்.

"தினம் தொடைக்கிறேன்னு பேரு. இந்தப் பக்கம் பாருங்க, அப்பளம் பொரிச்ச எண்ணெயத் தடவுனாப்ல கீது. ஒவ்வொரு லைட்டச் சுத்தியும் ஒரு வளையம்."

அம்பத்தூரில் பிறந்தவள், என்னைக் கேலி செய்யும்போது மட்டும் அந்த 'கீது' வரும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வளையம் அவளுக்கும் தெரிகிறது! காரை ஓரங்கட்டினேன். எதையும் சரிபார்க்காமல் விடுகிறவன் இல்லை நான்.

"என் சீட்ல வந்து உக்காந்து பாரேன்."

"இன்னாத்துக்கு?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிச் சுற்றி வந்தாள். இடம் மாறினோம். எதிரே ஒரு ஷேர் வேன் வந்து நின்று ஆள் இறக்கியது.

"இங்க ஒண்ணும் இல்லியே. பளிச்சுனு கீது. உங்க பக்கத்த மட்டும் தொடச்சு வெச்சிருக்கீங்க, சரியான சுயநலம்."

அவள் தோள்மேல் சாய்ந்து அதே பாதி வழியாகப் பார்த்தேன். வேனின் இரண்டு விளக்குகளைச் சுற்றியும் வளையம். நான் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, இடையில் எதுவும் இல்லாமல் பார்த்தேன். அப்போதும் இருந்தது.

"என்னாச்சுங்க?"

"அப்பாவுக்கு வந்த மாதிரி."

அவள் கேலியை விட்டுவிட்டாள். "எவ்ளோ நாளா?"

"ஆடியிலேர்ந்து."

லைசென்ஸ் இருந்தும், நான் குறை சொல்வேன் என்று மெயின் ரோட்டில் ஓட்டாதவள், சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"பெல்ட்டப் போடுங்க. காலைல முதல் வேலையா கண் டாக்டர்."

அவளுக்கு முன்னால் கண்ணாடி சுத்தமாக இருந்தது. என் பக்கத்தில் விளக்குகள் வளையத்தோடு வந்து வந்து போயின. அவற்றில் எது எண்ணெய், எது என் கண் என்று ஆவடி வரும்வரை என்னால் பிரித்தறிய முடியவில்லை.