212ஆம் பக்கத்து இடைஞ்சல்

எங்கள் பேருந்து நிலையத்து டைம்கீப்பருக்கு 'அப்பவே' என்று பட்டப்பெயர். நாங்கள் வைத்ததுதான். எந்தத் துப்பறியும் நாவலைப் படித்து முடித்தாலும், "இவன்தான் கொலைகாரன்னு எனக்கு அப்பவே தெரியும்மா" என்பார். எப்போது என்று கேட்டால் பக்க எண்ணைச் சொல்வார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து மைக்கில் வண்டி நேரம் அறிவிப்பவள். இருபது வருடமாக எங்களுக்கு நடுவே இருப்பது ஒரு பலகைத் தடுப்பும், மாற்றி மாற்றிப் படிக்கும் கொலைகளும்தான்.

அவர் சும்மா படித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் மார்க் போட்டு, தீர்ப்பும் எழுதுவார். போன மாதம் படித்ததில் ஒன்றுக்குப் பத்துக்கு இரண்டு. "190ஆம் பக்கத்தில் முதல்முறையாக வாசற்படி ஏறுகிறவன் கொலைகாரனாம். படிக்கிறவன் என்ன கேனையா?" இன்னொன்றுக்கு நான்கு. அதில் துப்பறிபவருக்கு மனைவி விட்டுப்போன சோகம், குடி, முதுகுவலி எல்லாம் உண்டு, துப்பறியத்தான் நேரமில்லை. மூன்றாவதற்கு ஒரு மார்க் போடுவதற்கே அவருக்கு மனசு வரவில்லை. அதில் காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றிப் பால்காரர் பதினைந்து நாள் கழித்துச் சாட்சி சொல்கிறார். அவள் சட்டையின் நிறம், பையில் இருந்த கிழிசல், கடைசியாகப் பேசிய பேச்சு, ஒன்று விடாமல் ஒப்பிக்கிறார்.

"மனுஷனுக்கு இவ்வளவு ஞாபகம் இருக்குமா? நல்லா காதுல பூ சுத்துறான்" என்று அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. வண்டி வருவதையும் போவதையும் குறித்துக் குறித்து ஊறிப்போன கை அது. படிக்கும்போது யாராவது குறுக்கே வந்தால், பக்கத்தின் ஓரத்தில் அந்த நேரத்தைக் குறிப்பார். மறுபடி படிக்கத் தொடங்கிய நேரத்தையும் குறிப்பார். "வண்டி எங்க நின்னுச்சுன்னு தெரியணும் இல்ல?" என்பார்.

கடைசியாக அவர் கையில் இருந்தது நான் கொடுத்த புத்தகம். மெழுகுச் சிலை செய்யும் இடத்தில் நடக்கும் கொலை. "கடைசி நாப்பது பக்கம் வந்துட்டா கீழ வைக்காதீங்கண்ணே. வீடே பத்திக்கிட்டாலும் முடிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தேன். நல்ல வாய் எனக்கு!

அன்று காலை அவர் மனைவி ஐந்தரைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார், நர்ஸ் வேலை. டைம்கீப்பர் அண்ணனுக்கு எட்டு மணி டியூட்டி. நாற்காலியில் சாய்ந்து அந்தக் கடைசி நாற்பது பக்கத்தில் இருந்திருக்கிறார். அவருக்கு ஒரே மகள், இருபத்து மூன்று வயது, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொல்லியிருக்கிறாள். இவர் "ம், சரி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். அவள் போய்விட்டாள்.

மாலையில் அவள் வரவில்லை. போன் அணைந்திருந்தது. பரிசோதனை நிலையத்தில் விசாரித்தால், வேலையை விட்டு ஒரு வாரம் ஆகிறது என்றார்கள்.

மறுநாள் காலையில் அவரும் மனைவியும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். புகார் எழுதும் ரைட்டர் ஒரு பெண். பொறுமையாகத்தான் கேட்டார்.

"என்ன கலர் டிரெஸ் சார்?"

"நீலம்... இல்ல, பச்சையோ."

"கையில பை ஏதாவது?"

"பார்க்கல."

"போகும்போது என்ன சொன்னாங்க?"

"ஏதோ சொன்னா."

"ஏதோன்னா?"

அவர் பைக்குள் கைவிட்டு, அந்தப் புத்தகத்தை எடுத்து 212ஆம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "நேரம் மட்டும் சரியா இருக்கும்மா." ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 6.42 இடைஞ்சல். 6.45 மறுபடி.

"இடைஞ்சல்னா யாரு சார்?"

"எம் பொண்ணு."

அவர் மனைவி விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். மூன்று நிமிடம். அந்தப் பெண் மூன்று நிமிடம் நின்று பேசியிருக்கிறாள்.

அன்றும் மறுநாளும் அந்த மனிதர் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார், அவள் குரல் அதற்குள் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதுபோல. தன் இருபத்தாறு வருட சர்வீஸில் முதல்முறையாகப் பதிவேட்டில் வண்டி நேரத்தைத் தப்பாக எழுதினார். மதியம் என் அறைக்கு வந்து, "நீ வந்து என் நாற்காலிப் பக்கத்துல நின்னு ஏதாவது பேசும்மா. நான் படிக்கிறேன். ஞாபகம் வந்தாலும் வரும்" என்று கெஞ்சினார். போய் நின்றேன். "அப்பா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்பான்னுதான் ஆரம்பிச்சா. நடுவுல 'நீங்க சரின்னு சொன்னா'ன்னு ஒண்ணு வந்துச்சு" என்றார். "நானும் சரின்னுட்டேன். எதுக்குச் சரின்னேன்னுதான் தெரியலையேம்மா!" தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

நான்காம் நாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேரும் ஓடினோம். பெண் வேறொரு ஊரிலிருந்து ஸ்டேஷனுக்குப் பேசியிருக்கிறாள். பத்திரமாக இருக்கிறாளாம், தன் விருப்பப்படிதான் போனாளாம், தேட வேண்டாமாம். எங்கள் நிலையத்திலிருந்து எட்டு நாற்பது வண்டியில்தான் ஏறியிருக்கிறாள். அந்த வண்டிக்கு மைக்கில் மூன்று தடவை கூவியது நான். 'சரியான நேரம்' என்று பதிவேட்டில் எழுதியது அவர்.

"அன்னிக்கு எங்கிட்ட என்ன சொன்னான்னு கேட்டீங்களாம்மா?" என்று ரைட்டரிடம் கேட்டார் அண்ணன்.

"கேட்டேன் சார். 'அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவர் சரின்னு சொன்னதாலதான் கிளம்பினேன், காரணம் அவருக்குத் தெரியும்'னு சொல்றாங்க. அதுக்கு மேல வாயே திறக்கல. சாயந்திரம் நாலு மணிக்கு மறுபடி பேசுவாங்க. என்ன சொல்லட்டும்?"

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான்கு நாளில் அன்றுதான் அவரைத் தொட்டார். "தெரியும்னே சொல்லிடுங்க. நீங்க காதுல வாங்கலைன்னு தெரிஞ்சா அவ அப்புறம் போனே பண்ண மாட்டா. உங்களக் கும்புடுறேன்."

அவர் மனைவி சொன்னது நியாயமாகத்தான் பட்டது எனக்கு. ஒரே ஒரு பொய். அப்பா சரி என்று சொன்ன பெண்ணாக அவள் எங்கேயாவது நன்றாக இருந்துவிட்டுப் போகட்டுமே. நாள் தவறாமல் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று சொல்லிக்கொண்டிருந்த வாய்க்கு அது என்ன கஷ்டம்?

அண்ணன் ரைட்டர் பக்கம் திரும்பினார்.

"நான் கேக்கலைன்னு சொல்லுங்கம்மா. புஸ்தகம் படிச்சிட்டிருந்தேன், அவ சொன்னது காதுல ஏறலன்னு சொல்லுங்க. இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் கேக்குறேன்."

நான்கு மணி வரை ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம். நான்கு பத்துக்குப் போன் வந்தது. ரைட்டர் அவர் சொன்னபடியே ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார். பிறகு காதில் வைத்தபடி காத்திருந்தார்.

"லைன்ல இருக்காளா?" என்றார் மனைவி.

"இருக்காங்க. பேச மாட்டேங்குறாங்க."

ரைட்டர் போனை அண்ணனின் கையில் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் அதைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அப்பாதான்மா. சொல்லும்மா. இப்ப கேக்குறேன், சொல்லும்மா" என்றார். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் எனக்கே கேட்டது. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சரியாக மூன்று நிமிடம் கழித்து அவள் போனை வைத்தாள்.

அவர் அதன் பிறகும் "சொல்லும்மா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.