பேட்டரிங்க, பெருசு

பெங்களூரு விமான நிலையத்தில் சோதனை அதிகாரி என் கைப்பையை ஓரங்கட்டினார். “உள்ள என்னம்மா?” என்று தமிழில் கேட்டார்.

“பேட்டரிங்க. பெருசு.”

பாலக்கோட்டுப் பக்கம் எங்களுக்கு டார்ச் லைட் என்றால் பேட்டரிதான். அவருக்கு அது தெரியவில்லை. முகம் மாறி, பையையே கவிழ்த்தார். டார்ச் உருண்டு விழுந்தது. வரிசையே சிரித்தது.

“டார்ச்னு சொல்லக் கூடாதாம்மா? மானம் போவுது” என்று, என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போன மகள் பல்லைக் கடித்தாள்.

அவளுக்காக என் பேச்சை எவ்வளவோ மாற்றிக்கொண்டவள் நான். வூடு என்பதைக்கூட வீடு என்றே சொல்லிவந்தேன். அன்று மட்டும் மனது ஒப்பவில்லை. அந்த வெளிச்சத்தில் பாம்புக்கு ஒதுங்கி, தக்காளிக்குத் தண்ணீர் கட்டித்தான் இவளைப் படிக்க வைத்தேன்.

“டார்ச்சா? எடுத்துக்கங்கம்மா” என்றார் அதிகாரி.

“பேட்டரிங்க” என்றேன், வரிசைக்கே கேட்கும்படி.

அன்று முதல் மகளின் வீடும் எனக்கு வூடுதான்.