கறுப்புப் பட்டன்

எங்கள் கிளப்புக்கு வெளியே போர்டு கிடையாது. தெரிந்தவர்களுக்குத் தெரிந்தால் போதும் என்று ஆரம்பித்தவர்கள் நினைத்தார்களாம். உலகத்துக்கே டீ-ஷர்ட் தைத்து அனுப்புகிற ஊரில், காலர் இல்லாத சட்டையோடு உள்ளே வரக்கூடாது என்று ஒரு விதி வேறு. அதை எழுதியவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். பெண்கள் வருஷத்துக்கு ஒருநாள், பொங்கல் விருந்துக்கு மட்டும் வரலாம். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நானும்.

புது உறுப்பினரைச் சேர்க்க ஓட்டு உண்டு. ஆளுக்கு ஒரு வெள்ளைப் பட்டன், ஒரு கறுப்புப் பட்டன். துணி மூடிய பெட்டிக்குள் கையை விட்டு ஏதாவது ஒன்றைப் போட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் உள்ளே வர முடியாது. யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்கக் கூடாது. அப்படி விழுந்தால், அவரை முன்மொழிந்தவரும் ராஜினாமா செய்துவிடுவார். இது எழுதாத மரியாதை. என் அப்பா காலத்தில் ஒருவர் அப்படி எழுந்து போய், பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை என்பார்கள்.

நான் பாயை முன்மொழிந்தேன். நூல் வியாபாரி, முப்பது வருஷப் பழக்கம். என் மகள் கல்யாணப் பந்தியில் நின்று பரிமாறியவர். கிளப்பில் சேர அவராகக் கேட்கவில்லை.

"நமக்கெதுக்குங்ணா அதெல்லாம்?" என்றார்.

"நான் இருக்கறனுங்க பாய். சும்மா கையெழுத்துப் போடுங்க" என்று அந்த ராஜினாமா மரியாதையையும் எடுத்துச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

பெட்டியைக் கவிழ்த்தபோது வெள்ளைகளுக்கு நடுவே கறுப்பு ஒன்று கிடந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. செயலாளர் பட்டன்களை அள்ளி உள்ளே போட்டுவிட்டு, "காப்பி சொல்லட்டுங்களா?" என்றார். காரணம் எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் அதைக் கேட்கக் கூடாது என்று விதி வைத்தார்களோ என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எழுந்திரு, எழுந்திரு என்று மனசு அடித்துக்கொண்டது. எதிரே என் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் பனியன் கம்பெனித் துணிக்குச் சாயம் போடுகிறவர். காப்பி வந்தது, குடித்தேன்.

சாயங்காலம் பாயிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "செரிங்ணா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில், நான் குளித்துவிட்டு வருவதற்குள் பாய் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். மூச்சு வாங்கியது.

"ராஜினாமா லெட்டர் குடுத்துட்டீங்களாங்ணா?"

"இன்னும் இல்லீங்க."

"குடுத்தராதீங்ணா. எனக்காக நீங்க வெளிய வந்தா என்னால தாங்க முடியாதுங்க. அதச் சொல்லத்தான் ஓடியாந்தனுங்க."

காப்பியைக் குடித்த பிறகு லெட்டர் எழுதும் எண்ணமே எனக்கு வரவில்லை. அதை அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"நீங்க இவ்வளவு சொல்றதால இருக்கறனுங்க பாய்" என்றேன். சொல்லும்போதே கூசியது.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பெரிய மனசுங்ணா உங்களுக்கு" என்றார்.